கால் நூற்றாண்டாக வராத மழை

எக்ஸ்-ரே வானியல் என்கிற மாபெரும் அறிவியல் எப்படிப் பிறந்தது தெரியுமா? குறி தப்பிப் பிறந்தது! 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் நண்பர்களும் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு ராக்கெட் விட்டார்கள். பூமியின் காற்று மண்டலம் எக்ஸ்-ரேயைக் கீழே விடாது, மேலே ஏறித்தான் பார்க்கணும். அவர்கள் பார்க்கப் போனது நிலாவை. அது கையை விரித்துவிட்டது. ஆனால் விருச்சிக ராசிப் பக்கமிருந்து எக்ஸ்-ரே கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெண் பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துப்போன கதைதான். 40 வருஷம் கழித்து அதற்கு நோபல் பரிசும் வந்தது.

பிறகு 1970-ல் உஹுரு சேட்டிலைட் ஏறியது. கேலக்ஸி கூட்டங்களும் எக்ஸ்-ரே வீசுவது தெரிந்தது. கேலக்ஸிகளுக்கு நடுவே காலி இடம் என்று நினைத்த இடமெல்லாம் கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் வாயு. அதன் எடையோ, அங்கிருக்கும் அத்தனை நட்சத்திரங்களின் எடையைப் போலப் பல மடங்கு. கல்யாண மண்டபத்துக்குள் இருக்கிற காற்று, வந்திருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரையும் விட கனம் என்றால் எப்படி இருக்கும்?

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். கேம்பிரிட்ஜ் ஆண்டி ஃபேபியன். 1977-ல் அவரும் சகா பால் நல்சனும் போட்ட கணக்கு ரொம்ப எளிமை. எக்ஸ்-ரே வீசினால் வாயு சூட்டை இழக்கும். இழந்தால் ஆறும். நடுவில் அடர்த்தி அதிகம், அங்கே சீக்கிரம் ஆறும். ஆறினால் அமுங்கும், உள்ளே ஒழுகும், கடைசியில் நட்சத்திரமாகப் பொழியும். டபராவில் ஊற்றிய காபி ஆறாமல் இருக்குமா? அதே வருஷம் வேறு இருவரும் இதையே எழுதினார்கள். சில கூட்டங்களில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் தேறும் என்று கணக்கு சொன்னது. நம் பால்வீதி தேற்றுவது ஒன்றோ இரண்டோ.

சரி, அந்த நட்சத்திரங்கள் எங்கே?

காணோம். ஏதோ கொஞ்சம் தூறல் தெரிந்தது, அவ்வளவுதான். ஒருவேளை எல்லாம் குட்டிக்குட்டியாக, கண்ணுக்குத் தெரியாத மங்கல் நட்சத்திரங்களாகப் பிறக்கின்றனவோ? பிள்ளையின் மார்க் ஷீட் கேட்டால் ‘இன்னும் ஸ்கூலில் தரவில்லை’ என்பது மாதிரியான பதில். ஆனால் மனுஷன் அசரவில்லை. வானிலை அறிக்கை ரமணன் சார் ஒரு நாள் மழை என்று சொல்லி, வெயில் அடித்தால் நாம் என்ன பாடு படுத்தினோம்! இவர் கால் நூற்றாண்டு சொன்னார்.

2001-ல் குட்டு உடைந்தது. எக்ஸ்.எம்.எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய சேட்டிலைட் ஏபெல் 1835 என்ற கூட்டத்தின் எக்ஸ்-ரேயை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தது. வாயு பாதி ஆறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். அதற்குக் கீழே, ஆறி அவலான வாயு மட்டும் அங்கே இல்லவே இல்லை. மழைக்கு ரெட் கார்டு. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலைப் பாருங்கள்: ஏ.சி. ஃபேபியன்! தன் கணக்குக்குத் தானே இரங்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இந்தப் பெருந்தன்மை நம் அரசியலில் யாருக்காவது வருமா?

அப்படியானால் காபிக்கு அடியில் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள். யார்? அதையும் அவரே போய்ப் பிடித்தார். பெர்சியஸ் கூட்டத்தை சந்திரா டெலஸ்கோப்பால் 53 மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். ஆமாம், நம் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ் மாணவர் சந்திரசேகர் பெயர் கொண்ட சந்திராதான். குளத்தில் கல் எறிந்த மாதிரி வாயுவில் வளையம் வளையமாக அலை. எறிந்தது நடு கேலக்ஸியில் இருக்கும் கருந்துளை. எதையும் விழுங்குவதுதான் அதன் வேலை என்று நினைத்திருந்தோம். அது ஏப்பம் விட்டு ஊரையே சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

வாயுவில் அலை என்றால் ஒலிதானே? 2003-ல் சுருதியே சொல்லிவிட்டார்கள்: பியானோவின் நடு சி-க்கு 57 ஸ்தாயி கீழே, பி-ஃப்ளாட். மந்தர ஸ்தாயிக்கே மூச்சு வாங்கும் பாகவதர்கள் கவனிக்க. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 1 கோடி வருஷம். பல்லவிக்கே பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது.

அடுத்து, இந்த வாயு எவ்வளவு கொந்தளிக்கிறது என்று அளக்கணும். அதற்கான அதிநுட்பக் கருவியை ஜப்பான் 2000-ல் ஏற்றியது, ராக்கெட் சொதப்பியது. 2005-ல் மறுபடி. மேலே போய்ச் சேர்ந்த ஒரே மாதத்தில், கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம் ஆவியாகிப் போயே போச்சு. 2016-ல் ஹிட்டோமி. ஜப்பானிய மொழியில் கண்மணி என்று அர்த்தம். அது பெர்சியஸைப் பார்த்து, வாயு நொடிக்கு வெறும் 164 கி.மீ. வேகத்தில்தான் அலைபாய்கிறது, எதிர்பார்த்ததைவிட அமைதி என்று சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, சுற்றாதபோதே தான் சுற்றுவதாக நினைத்துக்கொண்டது. அதை நிறுத்தப் போய் நிஜமாகவே சுற்ற ஆரம்பித்து, இன்னும் வேகமாகச் சுற்றி, துண்டு துண்டாகச் சிதறியது.

2020-ல் ஃபேபியனுக்கு காவ்லி பரிசு. 2023-ல் கருவியின் நாலாவது பிறவி, எக்ஸ்ரிஸ்ம். இந்தத் தடவை ராக்கெட் ஓகே, ஹீலியம் ஓகே, சுற்றலும் கிடையாது. கருவி பிரமாதமாக வேலை செய்கிறது. அதன் முன்னால் உள்ள கதவுதான் திறக்கவில்லை. பல தடவை முயன்றும் அசையவில்லை. அதில் பெரிலியத்தால் ஆன சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் இப்போது கேலக்ஸி கூட்டங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.