அமுக்கு, இன்னும் பத்து வாட்டி அமுக்கு

அமுக்கு நைனா, நல்லா அமுக்கு. முதல் வாட்டி சொன்னது அது காதுல விழல போல. ஒரு தரம் சொன்னா கேக்காத மிசினு, பதினோரு தரம் சொன்னா பயந்துடும். நீ போய் டீ குடிச்சிட்டு வா. வர்றதுக்குள்ள ஒரே வில்லங்கச் சான்றைப் பதினோரு காப்பி கக்கி வெச்சிருக்கும். அம்பத்தூர் ஓ.டி.யாண்ட கடை போட்டவனுக்கு இந்தத் தாராள மனசு வேணும்தான்.

நீ அமுக்குறது நேரா மிசினுக்குப் போறதில்லடா. கம்ப்யூட்டருக்குள்ள ஸ்பூலர்னு ஒரு குமாஸ்தா உக்காந்துகினு கீறாரு. எல்லா மனுவும் அவரு மேசைக்குத்தான் போவுது. முதல் மனுவுல கோளாறுன்னா அத்தையே பாத்துகினு இருப்பாரு, பின்னாடி கீற பத்தையும் தொட மாட்டாரு. தாலுக்கா ஆபீசு படியேறி இறங்குற உனக்கு இது புரியாதா இன்னா? மேசையைக் காலி பண்ணு. சர்வீசஸைத் தொறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து. விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ். அங்க கீறதை அழிச்சிட்டு மறுபடியும் ஸ்டார்ட் குடு. உள்ள கீறதை மட்டும், ஃபோல்டரையே அழிச்சிடாத. உன்னைத் தெரிஞ்சதால சொல்றேன்.

நேத்து தட்டு தட்டுனு தட்டினியே, அப்ப மிசின் மேல ஒரு தப்பும் இல்ல. விண்டோஸ் பத்துல 2015 கடைசியிலேர்ந்து ஒரு பழக்கம். கடைசியா எதுக்கு அனுப்பினியோ அத்தையே அடுத்த வாட்டியும் தலைவரா வெச்சிக்கும். நீ ஒருத்தருக்கு பிடிஎஃப் பண்ணிக் குடுத்த, அதுவும் அத்தையே தலைவராக்கிச்சு, அப்பால வந்த ஆதார் எல்லாம் ஃபைலா போயி உக்காந்துச்சு. செட்டிங்ஸ்ல அந்தப் பழக்கத்துக்கான டிக்கை எடுத்துட்டு நீயே ஒண்ணைத் தலைவரா வெச்சா முடிஞ்சுது. ஆனா தட்டுறதுலதான் உனக்கு சந்தோசம்னா தட்டு. உன் துட்டு.

வாங்கும்போதாவது என்னைக் கேட்டியா? அம்பத்தூர் எஸ்டேட்டு 1964ல வந்தப்ப நான் அரை டவுசரு. எங்கப்பாரு ஏர் ஓட்டின மண்ணுலயே நான் பின்னாடி ஒரு கம்பெனியில டெஸ்பாட்சு பாத்தேன். அங்க கீச்சு கீச்சுனு கத்துமே டாட் மேட்ரிக்ஸு, அத்தப் பாத்து நீ சிரிச்ச. சிரி. 2017ல ஜிஎஸ்டி வந்தும் சரக்கு அனுப்பினா பில்லு மூணு காப்பிதான்: வாங்குறவருக்கு ஒண்ணு, லாரியோட ஒண்ணு, நமக்கு ஒண்ணு. ஊசி ரிப்பனைக் குத்துனா மூணு தாள்லயும் ஒரே அடியில எழுத்து விழும். உன் லேசர்ல மூணு தாளை ஒண்ணா வெச்சுக் குத்தச் சொல்லு, பாக்கலாம்.

சரி, கலர் வேணும்னு இங்க் டேங்க் வாங்கிட்ட. அதுவும் நல்ல மிசினுதான். ஜனங்க பிரிண்டருக்கு வெளியே டப்பா வெச்சு ட்யூப் மாட்டி இங்க் ஊத்துறதைப் பாத்துட்டு, எப்சன்காரனே 2010ல இந்தோனேசியாவுல டேங்கோடயே மிசினை இறக்கிட்டான். நம்ம ரிச்சி தெருவுக்கும் அந்த ட்யூப் வித்தை தெரிஞ்சதுதான். நீ இன்னா பண்ண? ஆரஞ்சு டேப்பு ஒண்ணை உள்ளயே வுட்டுட்டு, டப்பா பிரிச்ச நாளே 'பெருசு, கடகடங்குது'ன்னு வந்து நின்ன. முதல்ல ஊத்துன இங்கு சர்ருனு இறங்குனதும் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவனைத் திட்டின. ட்யூபும் தலையும் நிரம்ப வேணாமா? பத்து இருபது நிமிசம் அது தானா இழுக்கும். அப்ப கரண்டை நிறுத்தாம கம்முனு இருந்தா போதும்.

உன் பெரிய வீரம் சாயங்காலம்தான். கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை ஒரே தட்டுல அணைக்குறியே, அதைச் சொல்றேன். மிசினோட பொத்தானை அமுக்கி நிறுத்துனா தலை ஓரமா போயி மூடிக்குள்ள உக்காரும். மெயினை அணைச்சா பாதி வழியில அம்மணமா நிக்கும். ராவெல்லாம் காத்துல இங்கு காஞ்சு, ஊசி முனையை விடச் சின்ன ஓட்டையில அடைச்சிக்கும். காலையில மஞ்சா வராது. உடனே நீ ஹெட் கிளீனிங்கு. அப்பால இன்னொண்ணு. அதுக்கப்புறம் கோவத்துல இன்னொண்ணு. அந்த இங்கு எங்க போவுது? மிசினு அடியில ஒரு பஞ்சு கீது, அங்க. அது ரொம்பிட்டா லைட்டு ரெண்டும் மாத்தி மாத்தி மின்னும், மிசினு நின்னுடும். கணக்கை மட்டும் சாப்ட்வேருல சுழியாக்கித் தர ஆளு கீறாங்க. பஞ்சை மாத்தாம சுழியாக்கினியோ, உன் மேசை ஹோலி கொண்டாடும். முதல்ல நாசில் செக் எடுத்துப் பாரு. கிளீனிங்கு ஒண்ணு ரெண்டு, அதோட ராத்திரி வுட்டுடு. ஊறி நிறைய வாட்டி தானா வுடும். வாரத்துக்கு ஒரு தரமாவது கலர்ல ஒரு பக்கம் அடி.

அந்த லேசரை யூபிஎஸ்ல சொருகி வெச்சிருக்கியே, அது எந்தப் புத்திசாலி சொன்னது? உள்ள உருளை சூடேறும்போது குபுக்குனு கரண்டை இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. சொவத்து பிளக்குல போடு. லேசர்ல வர்றது மையி இல்ல, பிளாஸ்டிக்குப் பொடி. இருநூறு டிகிரி கிட்ட உருக்கித்தான் தாளுல ஒட்டுது. தாளு மாட்டுனா உடனே கைய வுட்டு வெரலைப் பழுக்க வெச்சிக்கிற ஆளு நீ. அணைச்சுட்டு ரவ ஆற வுடு, பின்கதவைத் தொற, ரெண்டு கையாலயும் தாளு போற பக்கமாவே மெதுவா இழு. ஒரே இழுப்பு இழுத்தா நகக்கண்ணு அளவு துண்டு உள்ள தங்கும். அப்பால தாளே இல்லாதப்பவும் 'ஜாம்'னு கத்தும்.

மாட்டுறதும் சொம்மா இல்ல. ரீமைப் பிரிச்சு ஜன்னலாண்ட வெச்சிருக்க. வெளியே ஐப்பசி மழை. காகிதபுரத்துல கரும்புச் சக்கையில பண்ணா இன்னா, வேற ஊருல மரத்துல பண்ணா இன்னா, தாளு நாருதான். ஈரத்தைக் குடிச்சு ரெண்டு மூணா ஒட்டிகினு போவும். 2023 மிக்ஜாம் புயல்ல எஸ்டேட்டே தண்ணியில நின்ன ஊரு இது. பிரிச்ச கட்டைக் கவருக்குள்ள மூடி, தரையில வெக்காம மேல வை. போடுறதுக்கு முன்ன விசிறி வுடு.

கோவம் வரலாம், நான் வேணாங்கல. அமெரிக்காவுல எம்ஐடியில ஸ்டால்மேன்னு ஒருத்தரு. ஜெராக்ஸ் கம்பெனி குடுத்த லேசர் பிரிண்டர் அடிக்கடி மாட்டிக்கும். மாட்டிகிச்சுன்னு எல்லாருக்கும் சேதி போற மாதிரி எழுதலாம்னா, அதோட புரோகிராமைத் தர மாட்டேன்னுட்டாங்க. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983ல, எவனும் தொறந்து பாத்துத் திருத்துற சாப்ட்வேர் செய்யறேன்னு கிளம்பினாரு. நீயும் கோவப்பட்ட. இன்னா ஆச்சு? ட்ரே உடைஞ்சுது.

அப்பால, தாளு கீறப்பவே 'தாளு இல்ல'ன்னு மின்னுதே, அது பொய் சொல்லல. ஃபைலு லெட்டர் சைசு கேக்குது, அது 279 மில்லிமீட்டரு. நீ வெச்சது ஏ4, 297. சைசை மாத்து. வைஃபைல 'ஆஃப்லைன்'னா ரூட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேத்தியா பாரு. சின்ன மிசினு நிறையத்துக்கு 5 தெரியாது. பழைய ஃபாண்டுல தமிழ் மனு எடுத்தாந்து, இங்க தொறந்தா பூச்சி பூச்சியா தெரியுதுன்னு அழுதா, எழுதின எடத்துலயே பிடிஎஃப் பண்ணி எடுத்தாரச் சொல்லு. 2010லயே சர்க்காரு யூனிகோடுன்னு சொல்லியாச்சு, நம்மாளு இன்னும் கேட்டுகினு கீறான்.

இன்னா மொறைக்குற? ரிப்பேர்காரனைக் கூப்புட்டா வந்து எட்டிப் பாக்கவே துட்டு வாங்குவான். நான் வாங்குனனா? இந்தா, என் பட்டா சிட்டா நம்பரு. ரெண்டு காப்பி அடி. ஒரே ஒரு வாட்டி அமுக்கு.