டவர் வேண்டாத வைஃபை

கேள்வி: நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தை, வைஃபை உள்ள என் கேனான் பவர்ஷாட்டில் எடுத்தேன். எங்கள் ஊரிலோ களியக்காவிளை டவரும் பாறசாலை டவரும் போனை மாறி மாறி இழுக்கின்றன. படத்தைப் போனுக்கு மாற்றுவது எப்படி?
– வாசகர், பாறசாலை

பதில்: இரண்டு டவரும் இழுத்துக்கொண்டு கிடக்கட்டும், உங்களுக்கு ஒன்றுமே வேண்டாம்! கேமராவே சொந்தமாக ஒரு வைஃபையைப் பரப்பும். 'கேமரா கனெக்ட்' செயலியை இறக்க மட்டுமே இணையம் தேவை. பிறகு, கேமராவின் வைஃபையை இயக்கி, அதன் திரையில் தெரியும் வைஃபை பெயரைப் போனின் வைஃபை பட்டியலில் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று போன் எச்சரிக்கும். பயப்படாமல், இணைப்பிலேயே இருக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். கேமரா அம்போவென்று நிற்கும். டேட்டாவைச் சற்று நேரம் அணைத்துவைப்பது இன்னும் நல்லது.

இணைந்ததும் செயலியைத் திறந்து படத்தைப் போனுக்கு எடுக்கலாம்; அதற்கு முன், படத்தைச் சுருக்கி அனுப்பும் அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பொந்து அந்தப் பிலாவினுடையது; அந்த அடிமரத்தின் ஒவ்வொரு சுருக்கமும் முழு அளவில் பார்க்க வேண்டியது. நீண்ட வீடியோவுக்குக் கார்டு ரீடரே வேகம். வேலை முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள், சின்ன பேட்டரி தாங்காது.