என்ஜினுக்கும் சாயம் போகும்

கேள்வி: விழுப்புரம் ஜங்ஷனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு என்ஜின்களின் சிவப்பு ஏன் ஒத்துப்போவதில்லை?
– வாசகர், திண்டிவனம்.

பதில்: ஒன்று பெயிண்ட் காய்ந்த கையோடு வந்த புது மாப்பிள்ளை, மற்றது பல கோடை கண்ட மாமனார். சிவப்புக்கு ஒரு சாபம் உண்டு. அந்த நிறமி வெயிலில் உள்ள ஆற்றல் மிகுந்த நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொண்டு, சிவப்பை மட்டும்தான் திருப்பித் தருகிறது. விழுங்கியது செரிக்காமல் நிறமியே சிதைந்துவிடும். புறஊதாக் கதிர் பெயிண்டின் பிசினையும் அரிப்பதால், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். போதாததற்கு, அடிபட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்ட புதுப் பூச்சு வேறு! வெள்ளை டபிள்யூஏபி-7 என்ஜின் தப்பித்ததா? அதன்மேல் பிரேக் கட்டை தேய்ந்த தூளும் புழுதியும் படிந்து பழுப்பேறிவிடும். எனவே திண்டிவனத்தில் நிறத்தைப் பார்த்து ரயில் ஏறாதீர்கள், நம்பரைப் பாருங்கள்.