ஒத்தை மெஷினும் நாலு குடித்தனமும்

ஏலேய் மருமவனே, இங்கன வந்து திண்ணையில உக்காரு. பாளையங்கோட்டையில நாலு போர்ஷன் வச்சு வீடு கட்டுதியாமே? கையில என்னலே, கல்யாணப் பத்திரிகை கணக்கா வழவழன்னு? ஓ, ஏசிக்காரன் குடுத்த புஸ்தகமா!

மொட்டை மாடியில ஒத்தை மெஷின், நாலு வீட்டுக்கும் குளுமை. பேரு வி.ஆர்.எஃப். அதுலயும் 'ஹாட் அண்ட் கோல்டு'. சூடும் வருமாம். தாமிரபரணிக் கரையில உனக்கு எதுக்குலே சூடு? மார்கழியில கூட நம்மூருல ரெண்டாவது போர்வை தேடுனவன் உண்டா? சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் விக்க வந்தவனுக்கு நீ காப்பி வேற வாங்கிக் குடுத்திருக்க.

மெஷினைக் குத்தம் சொல்லல. நாலு வீட்டுலயும் ஒரே குடும்பம், பில்லு கட்டுறது ஒரே கைன்னா தாராளமா வையி. உனக்கு அப்படியா? நாலு குடித்தனம், நாலு மீட்டர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங் எடுக்க வாராங்க. வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட் சும்மா வருது. 500-ஐத் தாண்டுனா ஸ்லாப் மாறிப் பில்லு எகிறுது. மாடியில நிக்கிற மெஷினை யாரு மீட்டர்ல கோப்ப? கீழ் வீட்டு ஆச்சி ஃபேனே போதும்பா. மேல் வீட்டுப் பையன் 18-ல வச்சுட்டுக் கம்பளி போத்திக்கிடுவான். புது ஏசி போட்டதும் 24-ல நிக்கணும்னு சர்க்கார் 2020-லயே விதி போட்டாச்சு, அவன் கேக்கணுமே. இந்த ரெண்டு பேருக்கும் கணக்குப் பிரிக்க நீ நோட்டைத் தூக்கிட்டு அலைவியா? மெஷின் படுத்துட்டா நாலு வீடும் சேந்து வேகும். பேசாம வீட்டுக்கு வீடு தனி ஸ்பிளிட்டு மாட்டு. அவனவன் குளிரு, அவனவன் பில்லு.

ஸ்பிளிட்டுல எத்தனை டன் வாங்கணும்னு கேப்ப. டன்னுன்னா மெஷினோட எடைன்னுதான நெனைச்ச? ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எம்புட்டுச் சூட்டை இழுக்குமோ, அம்புட்டை ஒரு டன் ஏசி ஒரு நாளுல வெளிய தள்ளும். அதான் கணக்கு. தலைக்கு மேல வெயில் காயுத மேல் வீட்டுக்கு ஒண்ணரை டன் கேக்கும். அதே அளவு ரூமு, கீழ் வீட்டுல ஒண்ணே போதும். மொதல்ல மொட்டை மாடியில தட்டோடு பதிச்சு வெள்ளை அடி. மேக்கால நின்ன வேம்பைக் கார் நிறுத்த வெட்டிட்டு, இப்பக் குளுமையைத் தவணையில வாங்குதியே நீ!

இன்னொண்ணு. நம்ம மச்சு ரூமுல ஏசி மாட்டுன பய, தண்ணி போற டியூபைக் கீழ்த் தட்டு மொட்டை மாடிக்கு நேரா விட்டுட்டுப் போயிட்டான். உங்க அத்தை அங்கனதான் பழைய சேலையை விரிச்சுக் கூழ்வத்தல் ஊத்தியிருந்தா. ராத்திரி பூரா சொட்டு சொட்டா விழுந்திருக்கு. விடிஞ்சு பாத்தா வத்தல் மறுபடியும் கூழாக் கெடக்கு. மூணு நாளு எனக்குச் சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணும் வரலலே. அந்தத் தண்ணி எங்கன விழும்னு உன் வழவழ புஸ்தகத்துல எத்தனாம் பக்கத்துல போட்டிருக்கு? வாசி, கேப்போம்.