கை மாறாத நிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பேனா கழுவுவேன். கிணற்றடியில் ஓர் எவர்சில்வர் கிண்ணம், தண்ணீர், பழைய வேட்டித் துணி. கழுத்தைத் திருகி எடுத்து நிப்பைத் தண்ணீரில் இறக்கியதும் நீலம் நூலாக இறங்கி, கிண்ணத்தின் அடியில் சுருண்டு படுக்கும். அந்த நூல் நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பேன். என்னிடம் இப்போது 37 பேனாக்கள் இருக்கின்றன. எல்லாமே கையால் கடைந்தவை. ஒரு சுற்றுக் கழுவி முடிக்க மூன்று ஞாயிறு ஆகும்.

அப்பாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை, ஒரு சாய்வு மேசை. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று ஊரின் சொத்து சுகமெல்லாம் அந்தப் பேனா வழியாகத்தான் முத்திரைத்தாளில் இறங்கின. கறுப்பு எபோனைட் பேனா. 1971-ல் திருவள்ளூரில் ஒரு கடைசல் பட்டறையில் 12 ரூபாய்க்கு வாங்கினார். நிப்பு மட்டும் தனி விலை, தங்க நிப்பு. பகட்டுக்காக அல்ல. பத்திரத்துக்கு அவர் ஊற்றியது நீலக்கறுப்பு மை. அதில் இரும்பு உப்பு உண்டு. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும், பிறகு தண்ணீர் பட்டாலும் லேசில் கலையாது. ஆனால் அந்த மைக்குப் புளிப்பு அதிகம். எஃகு நிப்பை நாளடைவில் அரித்துவிடும். தங்கத்தை ஒன்றும் செய்யாது.

பேனாவில் மை பாதிக்குக் கீழே போக அப்பா விட்டதே இல்லை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஃபில்லரை எடுத்து நிரப்பிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "குறைஞ்ச பேனாதாம்பா கக்கும்" என்றார். காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப்பு வழியே வெளியே தள்ளும். எழுதி முடிக்கும் தறுவாயில் ஒரு பொட்டு விழுந்தால் அந்தத் தாளும் போச்சு, அதன் காசும் போச்சு.

அந்தப் பேனாவை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போட வரும் சாட்சிக்காரர்களுக்கென்று மேசையில் ஒரு கட்டைப் பேனாவும் மைக்கூடும் தனியாக இருக்கும். "நிப்பு கை மாறிப்போயிடும்" என்பார். எங்கள் பள்ளியில் வாத்தியார்களும் இதையே சொல்வார்கள். அங்கே பால்பாயிண்ட் பேனாவுக்கு அனுமதி கிடையாது, கையெழுத்துக் கெட்டுவிடும் என்று. மை தீர்ந்துபோனால் பக்கத்துப் பையன் பெஞ்சின்மேல் நாலு சொட்டு விடுவான். அதைக் கழுத்தின் முனையால் உறிஞ்சி எடுத்துக்கொள்வோம். மறுநாள் நாலு சொட்டைத் திருப்பித் தரவேண்டும். மையைக் கடன் கொடுப்பார்கள். பேனாவைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடை அகலத்துக்கு ஒரு பேனா ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரர் நிப்பை நகத்தில் தேய்த்துப் பார்த்து, அதன் கீறலில் சவர பிளேடை ஓடவிட்டு, காதோரம் வைத்து எழுதிக் கேட்பார். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். கூலி கால் ரூபாய்.

சரஸ்வதி பூஜையன்று அப்பாவின் பேனா மஞ்சள் குங்குமத்தோடு புத்தகங்களின்மேல் இருக்கும். வருஷத்தில் அதற்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு.

பிறகு எல்லாமே வேகமாக மாறிப்போனது. பால்பாயிண்ட் எங்கும் பரவியது, தட்டச்சு வந்தது, கணினி வந்தது. ரிப்பேர் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அப்பாவின் பேனா அவர் போன பிறகு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. எனக்கும் அதன் நினைவு வரவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருநாள் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடைக்குள் எதற்கோ நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் அவர்களுடைய காமா பேனாக்கள், தடிமனான எபோனைட் பேனாக்கள், வரிசையாக நின்றன. ஒன்றை வாங்கி மூடியைத் திறந்தேன். ரப்பரும் கந்தகமும் கலந்த அந்த மணம் எழும்பியது. மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எபோனைட் என்பது வேறொன்றுமில்லை. இயற்கை ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கியது. எபனி என்னும் கருங்காலி மரம்போல் இருப்பதால் அந்தப் பெயர். பிளாஸ்டிக்கைப்போல் சில்லிட்டு இருக்காது, கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் நம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அன்று தொடங்கியது என் சேகரிப்பு.

பேனா விஷயத்தில் என்னை உலுக்கிய ஒரு முரண் உண்டு. காந்தி கேட்டுக்கொண்டதன்பேரில் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்தார். அதைக் காந்தியிடம் சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். பேனாவை எழுதிப் பார்த்துவிட்டு 1935 ஜூலையில் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு மாற்றாக இருக்கும் என்பது அவர் கருத்து. சரியாக 74 ஆண்டு கழித்து, 2009-ல், ஜெர்மனியின் மோன்பிளாங்க் நிறுவனம் காந்தி பெயரிலேயே ஒரு பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலைக் குறிக்க 241 பேனாக்கள். உடலில் சுற்றிய தங்க இழை, நிப்பில் கோலூன்றி நடக்கும் காந்தி. விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது, அடுத்த ஆண்டே இந்தியாவில் விற்பனை நின்றது. அந்த நிப்பைச் செதுக்கிய கை தேர்ந்த கைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஏழையின் கையில் உள்ளூர்ப் பேனா இருக்கவேண்டும் என்று கேட்ட மனிதரின் பெயரை அதன்மேல் பொறித்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

விலை உயர்ந்த பேனா என்றாலே வீண் என்று நினைப்பவனும் அல்ல நான். ஜப்பானின் நமிகி பேனா ஒன்றை ஒரு நண்பர் வீட்டில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஈர அரக்கின்மேல் தங்கத் தூளைத் தூவி வரைந்த மீன்கள். உருஷி என்னும் அந்த மரப்பால் அரக்கு வெயிலில் காயாது. ஈரக் காற்றில்தான் இறுகும். ஒரு பூச்சு, காத்திருத்தல், தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று ஒரு பேனாவுக்கே மாதக்கணக்காகும். அந்த அலங்காரம் முதலில் அலங்காரத்துக்காக வந்ததில்லை. எபோனைட் வெயிலிலும் ஈரத்திலும் நிறம் மங்கும். அதைத் தடுக்கத்தான் நமிகிக்காரர்கள் அதன்மேல் அரக்குப் பூசினார்கள். இதைப் படித்தபோது என் ஜன்னலோரம் இருந்த ஒரு பேனாவை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடைக்குள் கறுப்பு, பாசி படிந்த பழுப்பாகியிருந்தது. அது முதல் என் பேனாக்கள் வெயில் படாத மர அலமாரியில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் முறை வைத்து எழுதும். எழுதாத பேனாவில் மை உலர்ந்து, நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் காற்றுவழி அடைத்துக்கொள்ளும். பூட்டி வைத்துப் பார்க்க மட்டும் பேனா சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

போன வருஷம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் பேனாவில் உடல் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. திருவள்ளூருக்கு எடுத்துப் போனேன். ரங்கா போன்ற பட்டறைகளின் பேனாக்களுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் காத்திருந்து வாங்குகிறார்கள் என்று தெரியும். அப்பா வாங்கிய பட்டறை இப்போது இல்லை. வேறொரு சின்னப் பட்டறையில் இருந்தவர் பேனாவை வாங்கிப் பார்த்ததும் கேட்டார்:

"யாரு சார் எழுதினது?"

"அப்பா."

"கழுத்தப் பாருங்க. கட்டைவிரல் பட்ட இடம் பள்ளமாயிருக்கு."

தடவிப் பார்த்தேன். அரிசி மணி அளவுக்கு வழவழப்பான ஒரு பள்ளம். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

அவர் புது எபோனைட் தடியை லேத்தில் மாட்டினார். கறுப்புச் சுருள்கள் நாடாவாகக் கழன்று அவர் மணிக்கட்டில் விழுந்தன. துளைத்து, உளியை ஏந்திக் கடைந்து, நிறுத்தி, பழைய உடலோடு காலிப்பர் வைத்து அளந்து, மறுபடி கடைந்தார். மரை வெட்டும்போது மட்டும் பேசவில்லை. மூன்று முறை கழுத்தைத் திருகிப் பார்த்து, நான்காவது முறை அது முட்டாமல் உட்கார்ந்ததும்தான் நிமிர்ந்தார். உப்புத்தாளும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"கழுத்தயும் புதுசா கடைஞ்சிருப்பேன். மனசு வரல சார். நிப்பையும் தொடல."

வீட்டுக்கு வந்து நீலக்கறுப்பு மை நிரப்பினேன். என் பெயரை எழுதிப் பார்த்தேன். தாளில் கீறியது. மை விட்டு விட்டு வந்தது. நிப்பு நுனியில் பற்றவைத்திருக்கும் கடின உலோகப் பொட்டு, ஒரே கை ஒரே சாய்வில் எழுதிய வருஷங்களில் அந்தச் சாய்வுக்கே தேய்ந்திருந்தது. தேய்த்துச் சரிசெய்ய எனக்குத் தெரியும், தேய்க்கும் தாளும் இருந்தது. எடுக்கவில்லை. அப்பா எப்படிப் பிடிப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பேனாவை நன்றாகப் படுக்க வைத்து, லேசாக இடப்பக்கம் உருட்டி, கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தேன்.

மை இறங்கியது.