ஐந்து டாய்லெட் பங்களாவின் பூர்வீகம்

இந்தியாவில் துரைமார் குடியிருந்த பங்களாவின் குளியலறை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளப் பழைய மராமத்து இலாகா காகிதங்களைத் தூசி தட்ட வேண்டாம். ரட்யர்ட் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’கில் ரிக்கி டிக்கி டாவி என்றொரு கீரிப்பிள்ளையின் கதை இருக்கிறது. குழந்தைகளுக்கு அது பாம்புச் சண்டை. வீடு கட்டுகிறவர்களுக்கு அதுதான் பிளான்.

சுகவுலி கண்டோன்மென்டில் ஒரு பங்களா. அப்பா, அம்மா, ஒரு பையன். ராத்திரி ரோந்து கிளம்பிய கீரி முதலில் பையனுடைய குளியலறையை எட்டிப் பார்க்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்றதும் அம்மாவுடைய குளியலறைக்குப் போகிறது. பொடியனுக்குத் தனிக் குளியலறை இருப்பதைக் கிப்ளிங் ஒரு விசேஷமாகவே சொல்லவில்லை. இருக்கும்தானே என்று தாண்டிப் போகிறார். சுவரின் அடியில் குளித்த தண்ணீர் வெளியேற ஒரு செங்கல்லை உருவி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போகிற அந்த வழியில் நாகம் உள்ளே வருகிறது. தண்ணீர் ஜாடியின் வயிற்றைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, விடிந்ததும் துரை கைத்தடி இல்லாமல் குளிக்க வருவார் என்று காத்திருக்கிறது. பிறகு நடந்த அடிதடியில் தகரக் குவளை உருள்கிறது, சோப்புப் பெட்டி விழுகிறது, முதுகு தேய்க்கும் பிரஷ் பறக்கிறது, தகரத் தொட்டி அதிர்கிறது. சத்தம் கேட்டு வந்த துரை இரட்டைக் குழல் துப்பாக்கியால் கதையை முடிக்கிறார்.

சாமான் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஜாடி, குவளை, பெட்டி, பிரஷ், தொட்டி. அந்தக் குளியலறையில் இருந்த குழல்கள் இரண்டே, இரண்டும் துரை கையில் இருந்த துப்பாக்கிக் குழல்கள். தண்ணீர்க் குழாய் என்ற பேச்சே இல்லை.

அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அன்றைக்குக் குழாய்க்குக் கால் இருந்தது. ஆட்டுத்தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிஸ்தி வருவார், ஜாடியை நிரப்புவார். வெந்நீர் வெளியே அடுப்பில் கொதிக்கும். அதையும் ஒருவர் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றுவார். துரை குளித்து எழுந்ததும் தொட்டியைக் கவிழ்ப்பார்கள். கட்டைச் சுவர் தண்ணீரை மடக்கிச் செங்கல் ஓட்டைக்கு அனுப்பிவிடும். மூலையில் ஒரு மரப்பெட்டி: மேலே வட்ட ஓட்டை, உள்ளே பாத்திரம், மூடி. தண்டர்பாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தை நடத்தியவர்கள் தினமும் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்துதான் நடத்தினார்கள். எழுந்து ஒரு குரல் கொடுத்தால் தோட்டி வந்து பாத்திரத்தை எடுத்துப் போவார். கலெக்டர் லீவில் போனால் ஜில்லா நடந்தது. தோட்டி ஒரு நாள் வராவிட்டால் கலெக்டரே நடக்க முடியாது.

இந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று படுக்கையறைப் பக்கம், துரைக்கு. இன்னொன்று நேரே தோட்டத்துப் பக்கம், பிஸ்திக்கும் தோட்டிக்கும். மொத்த பிளானின் சூட்சுமமும் இந்த இரண்டாவது கதவில் இருக்கிறது. ஜன்னல் எங்கே, அலமாரி எங்கே என்பதெல்லாம் துரைசானி இஷ்டம். ஆனால் ஒவ்வொரு குளியலறையும் வெளிச்சுவரை ஒட்டித்தான் அமைய வேண்டும். பாத்திரத்தோடு போகிறவர் வீட்டுக்குள் நடக்கக் கூடாதே! அதனால் படுக்கையறைகள் வீட்டின் ஓரத்துக்குப் போயின, குளியலறைகள் அவற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டன. பங்களாவின் பின்பக்கத்தை வரைந்த கட்டடக் கலைஞர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது தோட்டி நடந்த பாதைதான்.

இதே துரை லண்டனில் இருந்திருந்தால் கணப்பு அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டுக் குளித்திருப்பார். கட்டிலுக்கு அடியில் பாத்திரம் இருந்திருக்கும். இத்தனைக்கும் ஃப்ளஷ் அவர்கள் ஊர்ச் சரக்கு. முதலாம் எலிசபெத் ராணியின் ஞானப் பிள்ளை ஜான் ஹாரிங்டன் 1596-லேயே தண்ணீர் தொட்டி, வால்வு எல்லாம் வைத்து ஒரு கக்கூஸ் செய்து, அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். தண்ணீர் கஷ்டம் என்றால் நாளைக்கு ஒரு தடவை திறந்துவிட்டால் போதும், இருபது பேர் போனாலும் பாதகமில்லை என்று அதிலே யோசனையும் சொன்னார். மனிதர் நம் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் செக்ரட்டரியாக இருந்திருக்க வேண்டியவர். போன நாற்றம் திரும்பி வராமல் தடுக்கும் வழிதான் அதில் இல்லை. அது அமைய 1775 வரை ஆனது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் குழாயை எஸ் எழுத்து போல் வளைத்து, வளைவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும்படி செய்து காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் பிளம்பர் ‘டிராப் வெச்சீங்களா?’ என்று கேட்கிறாரே, அதன் பாட்டன் அதுதான். 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கட்டணக் கழிப்பறை வைத்தபோது, தலைக்கு ஒரு பென்னி கொடுத்து எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்வந்தார்கள். கோஹினூர் வைரமும் அதே கண்காட்சியில்தான் இருந்தது. எதற்கு அவசரம் அதிகம் இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகிக்கலாம்.

ஃப்ளஷ் வந்துவிட்டதே தவிர, அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் ரொம்ப நாள் கவலைப்படவில்லை. 1861-இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தபோது டாக்டர்கள் சொன்னது டைபாய்டு. பத்து வருஷம் கழித்து இளவரசர் எட்வர்ட் ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு விருந்துக்குப் போய் அதே டைபாய்டை வாங்கிக்கொண்டு வந்தார். கூட விருந்துண்ட செஸ்டர்ஃபீல்ட் பிரபு செத்தே போனார். பழி அந்த மாளிகையின் சாக்கடைமேல் விழுந்தது. பிழைத்தெழுந்த இளவரசர் 1875-இல் இந்தியா வந்தார், மதராஸையும் பார்த்தார். இங்கே மரப்பெட்டியும் பின்கதவும்தான். ஆனால் சாக்கடையால் விருந்தாளியைக் கொல்ல முதலில் சாக்கடை வேண்டும்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சிந்துவில் மண்ணுக்கு அடியில் மொஹஞ்சதாரோ சிரித்துக்கொண்டு கிடந்தது. 1924-இல் ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்தபோதுதான் தெரிந்தது, 4,500 வருஷத்துக்கு முன்பே அங்கே வீட்டுக்கு வீடு குளியலறை. அதுவும் எப்படி? தெருச் சுவரை ஒட்டி. சுட்ட செங்கல்லை இழைத்து இடுக்கில்லாமல் பதித்து, மூலையை நோக்கி வாட்டம் விட்டு, தண்ணீர் சுவரைத் தாண்டித் தெரு வடிகாலில் விழும்படி. மாடியிலிருந்து இறங்கச் சுடுமண் குழாய். இன்றைக்கும் டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள் தண்ணீர் கதவுப் பக்கம் வந்து தேங்கினால், மேஸ்திரி, “அது போகப் போகச் சரியாயிடும் சார்” என்கிறார். சிந்துச் சமவெளி மேஸ்திரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போகப் போகச் சரியாக அவருக்கு 4,500 வருஷம் இருந்தும் வாட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தெருவோரக் குழிகளில் தேங்கிய சகதியை அள்ளியது யார் என்பது எந்த முத்திரையிலும் தெரியவில்லை. எழுதித்தான் வைத்திருக்கிறார்களோ என்னவோ, அந்த எழுத்தையும் நம்மால் படிக்க முடியவில்லை.

பிறகு நம்மவர்களுக்கும் பங்களா ஆசை வந்தது. துபாஷிகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள். முன்பக்கம் துரை மாதிரி: போர்டிகோ, வராந்தா, சாய்வு நாற்காலி. பின்பக்கம் தாத்தா மாதிரி: கிணற்றடி, துவைக்கிற கல், கொல்லைக் கோடியில் கக்கூஸ். அட்டாச்டு என்று யாராவது வாயெடுத்தால் பாட்டி விடமாட்டாள். சுவாமி அறையும் கக்கூஸும் ஒரே கூரைக்கு அடியிலா? பாட்டியின் சட்டப்படி ராத்திரி அவசரம் என்றால் ஒரு லாந்தர், ஒரு செம்புத் தண்ணீர், பயத்துக்குத் துணையாக இன்னொரு ஆள். எடுப்புக் கக்கூஸில் பின்சுவரின் அடியில் ஒரு சின்னத் திறப்பு, அது பின்சந்தைப் பார்த்திருக்கும். ஒரு வழியாகப் போய் உட்காருகிறவரும் மறுவழியாக வந்து எடுக்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஆயுசுக்கும் பார்க்க வேண்டியதில்லை. துரையாவது குரல் கொடுத்தார். இங்கே குரல்கூடக் கிடையாது. இந்த விஷயத்தில் துரைக்கே நாம் பாடம் எடுக்கலாம்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தபோது அது ராஜ்கோட்டுக்கும் பரவுமோ என்ற பயத்தில், அங்கே ஒரு கமிட்டியோடு வீடு வீடாகக் கக்கூஸ் பார்க்கக் கிளம்பினார் ஒரு பாரிஸ்டர். பெயர் காந்தி. ஏழைகள் தயங்காமல் கதவைத் திறந்தார்கள். பெரிய மனிதர்களில் சிலர் உள்ளேயே விடவில்லை. விட்ட இடங்களில் இருட்டும் நாற்றமும் புழுவும். தீண்டப்படாதோர் குடியிருப்புக்குக் கமிட்டியில் ஒரே ஒருவர்தான் கூட வந்தார். எங்களுக்கு ஏது கக்கூஸ், அதெல்லாம் பெரிய மனிதர்களாகிய உங்களுக்கு என்றார்கள் அங்கே. வீடுகள் பளிச்சென்று இருந்தன.

இதே பாரிஸ்டர் 1898 வாக்கில் டர்பனில் குடும்பம் நடத்தியது மேல்நாட்டு மாதிரி வீட்டில். அறைகளில் அழுக்குத் தண்ணீர் வெளியேற வழி கிடையாது; அதனால் அறைக்கு அறை பாத்திரம். எடுப்பதற்குப் பின்கதவும் இல்லை, தோட்டியும் இல்லை. கொள்கை இருந்தது. புதிதாக வந்து தங்கிய பஞ்சமர் குடும்பத்துக் கிறிஸ்தவ குமாஸ்தாவின் பாத்திரத்தைக் கஸ்தூரிபா எடுக்க வேண்டும். அழுதுகொண்டே எடுத்தால் போதாது, சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்றார் கணவர். சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் போனார். இதையெல்லாம் எழுதிவைத்தவர் அவரேதான். அந்த வீட்டுக்கு உருப்படியாக ஒரு வடிகால் குழாய் போட்டிருந்தால் ‘சத்திய சோதனை’யில் ஓர் அத்தியாயம் குறைந்திருக்கும்.

மதராஸின் குழாய்களுக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்தது 1872-இல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல். அதற்கப்புறம் பிஸ்தி போனார். பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் வந்த இடங்களில், தலைக்குமேல் வார்ப்பிரும்புத் தொட்டி, தொங்கும் சங்கிலி. இரண்டாவது கதவுக்கு வேலை போய்விட்டது. பழைய டிராவலர்ஸ் பங்களாக்களில் இன்றும் பார்க்கலாம்: குளியலறையில் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு ஒரு கதவு, யாருக்கென்று விருந்தாளிக்குப் புரிவதில்லை. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 1993-இல் சட்டம் வந்தது. 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. முதல் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதற்கு இரண்டாவது சட்டமே சாட்சி.

இப்போது குடும்பம் கூடிப் பங்களா கட்டுகிறது. நாலு பெட்ரூம், நாலும் அட்டாச்டு, ஹாலுக்குப் பொதுவாக ஒன்று. ஈசானிய மூலையில் ஒன்று விழுந்துவிட்டது என்று ஜோசியர் பிளானைத் திருப்புகிறார். திருப்பினால் அது சமையலறைக்கு மேல் வருகிறது. முழங்கால் வலிக்கு வெஸ்டர்ன்தான் வேண்டும் என்கிறார் அப்பா. இந்தியன் இல்லாத வீட்டில் எனக்கு நாள் விடியாது என்கிறார் சித்தப்பா. சித்தப்பா இந்த வீட்டில் குடியிருக்கப் போவதே இல்லை. அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வந்த மகள், டாய்லெட் பக்கம் சொட்டுத் தண்ணீர் தெறிக்கக் கூடாது, நடுவே கண்ணாடித் தடுப்பு வேண்டும் என்கிறாள். வாளி எங்கே வைப்பது என்று அம்மா கேட்கிறாள். அதற்கு மட்டும் ஒருவரிடமும் பதில் இல்லை.

எல்லாம் முடிந்து இன்ஜினியர் காகிதத்தைச் சுருட்டும்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வருகிறது. “வேலை செய்யறவங்களுக்கு?”

இன்ஜினியருக்கு இது பழக்கப்பட்ட கேள்வி. மாடிப்படிக்கு அடியில், கதவு வெளியே பார்க்க, மூன்றுக்கு நாலு அடியில் பென்சிலால் ஒரு கட்டம் போடுகிறார். நிமிர்ந்தால் தலை இடிக்கும், இடிக்கட்டும். டைல்ஸ் மிச்சம் இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அது எந்த மூலை என்று ஜோசியர் கேட்கவில்லை. சித்தப்பாவும் வெஸ்டர்னா இந்தியனா என்று வாய் திறக்கவில்லை.

“ஆக மொத்தம் அஞ்சு டாய்லெட் சார்” என்று எஸ்டிமேட்டை வாசிக்கிறார் இன்ஜினியர். கணக்கு சரிதான் என்று எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.