முற்றத்தில் தடுமாறும் கண்ணாடி

வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தால் போதும், புதுப்பிக்கும் வேலைக்கான மாதிரி கணினியில் தயார் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடு அவ்வளவு சுலபத்தில் வசப்படாது. இக்கருவிகள் பலவும் தூரத்தை அளப்பது அகச்சிவப்பு ஒளியால்; வெயில் அதற்கு ஆகாது. நம் வீட்டுக்கோ நடுவிலேயே முற்றம். சூரியன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் கருவிக்குக் கண் கூசும். சுவரைச் சமதளமாக எளிமைப்படுத்தும் பழக்கமும் உண்டு. தலைமுறைகளாக வயிறு தள்ளி நிற்கும் சுண்ணாம்புச் சுவர் திரையில் இளைத்து நிமிர்ந்துவிடும். (குள்ளமான வாசல்நிலையில் தலை இடிப்பது மட்டும் நிஜம்.)

டேப் பிடிக்கும் கொத்தனார் மட்டும் துல்லியமா என்று கேட்கலாம். நியாயம்தான், நீள அகலத்துக்குக் கருவியே வேகம். ஆனால் அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார், உத்திரத்தைச் சுரண்டிக் கரையான் தேடுவார். மேற்பரப்பை நம்பி ஏமாறுவது தஞ்சைக்குப் பழசு. பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் ஆய்வாளர் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறியும்வரை எல்லாரும் பார்த்தது மேல்பூச்சைத்தான். அன்று ஹெட்செட் இருந்திருந்தால் அதே மேல்பூச்சு முப்பரிமாணத்தில் கிடைத்திருக்கும்.